டாஸ் மோசமான இயங்குதளமா? பழைய பிசி இயங்குதளங்களின் பலமும் பலவீனமும்

கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். எண்பதுகளின் ஐபிஎம் பிசியில் ஓடிய டாஸில் நினைவகப் பாதுகாப்பு (ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடாமல் தடுப்பது) கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும், அதை இயங்குதளம் என்று சொல்வதே தவறு என்று வகுப்பில் சொன்னார்களாம். அப்படியென்றால் மேக், அமிகா கணினிகளின் இயங்குதளங்கள் மாதிரி நல்லவை கண்முன்னே இருந்தும் உலகம் ஏன் பதினைந்து வருடம் டாஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது? இவற்றில் ஒன்றின் மூல நிரலைப் ப்ராஜெக்டுக்காகப் படிக்க வேண்டுமென்றால் எதைப் படிப்பது? அவர் உண்மையில் கேட்பதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஓர் இயங்குதளத்தை நல்லது, மோசம் என்று எதை வைத்துச் சொல்வது?

என் அனுபவத்தின் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1989லிருந்து பன்னிரண்டு வருடம் பிசி சர்வீஸ் வேலை பார்த்தேன். அப்புறம் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயங்குதளப் பாடம் எடுத்தேன். டாஸ் என் அன்றாடச் சோறு. டாஸுக்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம் ஓடும் பழைய மெஷின்களிலிருந்து கோப்புகளை மீட்டு பிசிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஓர் அச்சகத்தின் மேக் கணினிகளை நான்கு வருடம் பராமரித்தேன். அமிகாவில் மட்டும் நான் வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வது கையேடுகளையும், பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் புரோகிராமையும் வைத்துப் படித்த அறிவு.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். அந்தக் கால இயங்குதளங்களை அவற்றில் என்ன இல்லை என்பதை வைத்து எடைபோடக் கூடாது. இல்லாததைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், டாஸே எவ்வளவோ சேர்த்தது. ஆனால் புரோகிராம்களுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. இந்த முகவரியில் இது இருக்கும், திரையில் நீயே நேரடியாக எழுதிக்கொள்ளலாம், அடுத்த புரோகிராமின் நினைவகத்தை நீ தொடலாம் என்று ஒருமுறை இடம் கொடுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிடும். இந்த இயங்குதளங்களின் பலமும் பலவீனமும் அநேகமாக ஒரே முடிவிலிருந்துதான் பிறந்தன.

வகுப்பில் சொன்ன குறைக்கு வருவோம். நினைவகப் பாதுகாப்பை இயங்குதளம் மட்டும் நினைத்தால் தந்துவிட முடியாது, வன்பொருளில் அதற்கான சுற்று இருக்க வேண்டும். இன்டெல் 8080, ஜைலாக் இசட்80, 6502, ஐபிஎம் பிசியில் இருந்த 8088, இந்த நான்கு பிராசசர்களிலும் அது இல்லை. மோட்டோரோலா 68000ல் இயங்குதளத்துக்கு மட்டும் கூடுதல் அதிகாரம் தரும் சூப்பர்வைசர் நிலை உண்டு, ஆனால் நினைவகத்தைக் காவல் காக்கும் சுற்றைத் தனியாக வெளியே வைக்க வேண்டும். முதல் மேக்கிலும் முதல் அமிகாவிலும் அதை வைக்கவில்லை. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசியை அறிவித்தபோது அடிப்படை மாடலின் நினைவகம் 16 கிலோபைட். அந்த இடத்தில் பாதுகாப்பு, பல்பணி (பல புரோகிராம்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது) என்று பாடப்புத்தக அளவுகோலை வைத்தால் எல்லோருமே தோற்பார்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சிபி/எம்மிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் டாஸின் பாதி முகம் அங்கிருந்து வந்தது. கலிபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை முதுநிலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கேரி கில்டால் 1974ல் 8080க்காக அதை எழுதினார். அதன் பெரிய பலம் அடுக்குப் பிரிவினை. கட்டளையை வாங்கும் பகுதி 2 கிலோபைட், கோப்புகளைக் கவனிக்கும் பகுதி 3.5 கிலோபைட், அதற்குக் கீழே அந்தந்த மெஷினின் வன்பொருளோடு பேசும் பயாஸ். வேறு கம்பெனியின் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பயாஸை மட்டும் திருத்தி எழுதினால் போதும். பயாஸ் என்ற பெயரே சிபி/எம்மிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. புரோகிராமுக்கு இடம் போதவில்லை என்றால் கட்டளைப் பகுதியின் மேலேயே எழுதிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் சிபி/எம் அந்தப் பகுதியை ஃபிளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். 64 கிலோபைட்டுக்குள் கடிதம் அடிக்கும் வேர்ட்ஸ்டாரும் தரவுகளைச் சேமிக்கும் டிபேஸும் ஓடியது இந்தச் சிக்கனத்தால்தான். அந்த வடிவமைப்பின் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

அதன் குறைகளில் பலரும் திட்டுவது ஃபிளாப்பி மாற்றும் விஷயம். புது ஃபிளாப்பியைப் போட்டுவிட்டு கன்ட்ரோல்-சி அழுத்த மறந்தால், எழுதும் நேரத்தில் 'இந்த டிரைவ் படிக்க மட்டும்' என்று பிழை காட்டி உங்களைப் புரோகிராமை விட்டே வெளியே தள்ளிவிடும். அடித்து வைத்த கடிதம் போய்விடும். ஆனால் அது ஏன் அப்படிச் செய்தது என்று பாருங்கள். ஃபிளாப்பியில் எந்த இடம் காலி என்ற கணக்கைச் சிபி/எம் நினைவகத்தில் வைத்திருந்தது. பழைய ஃபிளாப்பியின் கணக்கை நம்பிப் புதியதில் எழுதினால் அதிலுள்ள மற்ற கோப்புகள் நாசமாகும். ஒரு கடிதத்தை இழந்து ஒரு ஃபிளாப்பியைக் காப்பாற்றியது அது. என் பார்வையில் சரியான முடிவு.

உண்மையான பலவீனங்கள் வேறு. திரையில் கர்சரை நகர்த்து, திரையைத் துடை என்று சொல்ல சிபி/எம்மில் பொதுவான வழி இல்லை. அதனால் வேர்ட்ஸ்டாரை ஒவ்வொரு வகை டெர்மினலுக்கும் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி) தனியாக அமைக்க வேண்டியிருந்தது. கோப்பின் நீளத்தை 128 பைட் துண்டுகளாகத்தான் அது எண்ணும். கடைசித் துண்டில் உரை எங்கே முடிகிறது என்று காட்ட கன்ட்ரோல்-இசட் குறியைப் போட்டார்கள். எல்லாவற்றையும்விட ஃபிளாப்பி வடிவம். 8 அங்குல ஃபிளாப்பிக்கு சுமார் 250 கிலோபைட் கொண்ட பொது வடிவம் இருந்தது. 5.25 அங்குலம் வந்ததும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வட்டமும் துண்டும் பிரித்துக்கொண்டது. இயங்குதளம் ஒன்றாக இருந்தும் ஒரு மெஷினில் எழுதிய ஃபிளாப்பியை இன்னொன்று படிக்காது. கோப்புகளை மீட்கப் போகும்போது நான் ஃபிளாப்பியை நம்ப மாட்டேன். இரண்டு மெஷின்களையும் சீரியல் கேபிளால் இணைத்து, ராத்திரி முழுக்க மெதுவாக அனுப்புவேன்.

டாஸ் பிறந்த கதையில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு கம்பெனி 8086 போர்டு விற்றது. அதற்கான சிபி/எம் வரத் தாமதமானதால் 1980ல் அங்கிருந்த டிம் பேட்டர்சன் ஓர் இயங்குதளம் எழுதினார். ஐபிஎம் பிசிக்குக் கொடுப்பதற்காக மைக்ரோசாஃப்ட் 1981 ஜூலையில் அதை வாங்கியது. இது உறுதி. புரோகிராம்கள் இயங்குதளத்தை அழைக்கும் முறையைப் பேட்டர்சன் சிபி/எம்மை ஒட்டியே அமைத்தார், பழைய புரோகிராம்களை எளிதாக மாற்றிக் கொண்டுவரலாம் என்பதற்காக. கோப்பு முறையை மட்டும் வேறாகச் செய்தார். அதுவும் உறுதி. ஐபிஎம் ஆட்கள் இயங்குதளம் கேட்டு வந்தபோது கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டதால் அந்த வாய்ப்பை இழந்தார் என்ற கதை அவ்வளவு உறுதியானது இல்லை. அன்று காலை அவர் விமானத்தில் வேறு வேலையாகப் போனார், பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்று ஐபிஎம் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர் மனைவி டோரதி தயங்கினார் என்பது வரை பலர் சொல்கிறார்கள். அதற்குமேல் நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்களே வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது விலைதான். ஐபிஎம் பிசிக்கு இரண்டுமே கிடைத்தன. டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். வாங்குகிறவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

டாஸின் கோப்பு முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் பல வருடம் அதற்குள்தான் கழிந்தது. ஃபேட் என்பது ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அந்தக் கோப்பின் அடுத்த துண்டு எங்கே என்ற எண் இருக்கும். டைரக்டரியில் கோப்பின் பெயர், அளவு, முதல் துண்டின் எண். அவ்வளவுதான். காகிதத்தில் வரைந்து பத்து நிமிடத்தில் ஒருவருக்குப் புரியவைத்துவிடலாம். எந்த மெஷினும் அதைப் படிக்க எழுத முடிந்ததற்கு இந்த எளிமைதான் காரணம். கேமராவின் மெமரி கார்டு வரை அது வந்து சேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

கோப்பை அழித்தால் டாஸ் என்ன செய்யும்? பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் 229 என்ற எண்ணைப் போடும், அட்டவணையில் அந்தக் கோப்பின் சங்கிலியைப் பூஜ்யமாக்கும். கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாது. இந்த 229ம் சிபி/எம் வழக்கம்தான். புதிதாக ஃபார்மேட் செய்த 8 அங்குல ஃபிளாப்பி முழுக்க அந்த எண்தான் நிரம்பியிருக்கும், அதனால் அது காலி என்பதன் அடையாளமாகிவிட்டது. 1992 மார்ச் கடைசியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பதறிப்போய் ஃபோன் செய்தார்கள். வேலைக்குப் புதிதாக வந்த பையன் தவறான டைரக்டரியில் நின்றுகொண்டு எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட்டான். "ஒன்றையும் தொடாதீர்கள், மெஷினை அணைத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். டிஸ்க் எடிட்டரில் 229க்குப் பதில் முதல் எழுத்தை ஒவ்வொன்றாகப் போட்டு, சங்கிலியைக் கையால் எழுதினேன். ஒரே தொடர்ச்சியாக இருந்த கோப்புகள் அப்படியே வந்துவிட்டன. தினமும் வளர்ந்த இரண்டு பேரேட்டுக் கோப்புகள்தான் டிஸ்க் முழுக்கச் சிதறிக்கிடந்தன. தேதிகளைப் படித்துப் படித்துத் துண்டுகளைக் கோத்து முடிக்க விடிந்துவிட்டது. சங்கிலியை அழிக்காமல் விட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் இயங்குதளம் அழித்ததைத் தேடிப் பிடித்து மேலே எழுதியிருந்தால் மீட்கவே முடிந்திருக்காது. பலம் எது, பலவீனம் எது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

மின்வெட்டு அதைவிடக் கொடுமை. கோப்பை மூடும்போதுதான் டாஸ் டைரக்டரியில் அதன் அளவை எழுதும். காலையில் திறந்த கோப்பில் மத்தியானம் வரை உள்ளிட்டுக்கொண்டே இருந்து, நடுவில் கரண்ட் போனால், தரவெல்லாம் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் யாருடையது என்று பெயர் இருக்காது. டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டி அந்த அநாதைத் துண்டுகளை எண் போட்ட கோப்புகளாக எடுத்து, திறந்து பார்த்து, ஒட்ட வேண்டும். இதற்கு டாஸை நான் மன்னிப்பதில்லை. இது வன்பொருளின் ஏழ்மையால் வந்த குறை இல்லை. கோப்பை மூடாமலே அளவைப் பதிவுசெய்யச் சொல்லும் அழைப்பை 1987ல் வந்த 3.3 பதிப்பிலேயே சேர்த்தார்கள். ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு அப்படி ஓர் அழைப்பு இருப்பதே தெரியாது.

சரி, டாஸின் பெரிய குணத்துக்கு வருவோம். அது வழியை விட்டு ஒதுங்கி நிற்கும். டாஸ் வழியாகவோ பயாஸ் வழியாகவோ திரையில் எழுதினால் எழுத்துகள் வரிசையாக ஊர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும். 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணைப் புரோகிராம் இவற்றை நம்பவில்லை, திரைக்கான நினைவகத்தில் நேரடியாக எழுதியது. பக்கம் சட்டென்று மாறியது. எல்லோரும் அதே வழியைப் பிடித்தார்கள். பிரிண்டருக்கும் அப்படித்தான், ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று பிரிண்டர் டிரைவர்களைச் சுமந்து வந்தது. ஒரு அலுவலகம் புது பிரிண்டர் வாங்கினால் நான் வேர்ட்ஸ்டாரில் ஒருமுறை, லோட்டஸில் ஒருமுறை, கணக்குப் புரோகிராமில் ஒருமுறை என்று தனித்தனியாக அமைத்துக் கொடுப்பேன்.

இதன் விளைவு பெரியது. புரோகிராம்கள் ஐபிஎம்மின் வன்பொருளோடு நேரடியாகப் பேசியதால், டாஸ் ஓடினாலும் ஐபிஎம் மாதிரி இல்லாத மெஷின்கள் பிழைக்கவில்லை. டெக் ரெயின்போ, சிரியஸ் 1 எல்லாம் நல்ல மெஷின்கள். அவற்றில் டாஸ் ஓடியது, லோட்டஸின் ஐபிஎம் பதிப்பு ஓடவில்லை. கில்டாலின் அடுக்குப் பிரிவினை தந்த சுதந்திரம் இங்கே கைவிட்டுப் போனது. ஆனால் இன்னொரு பக்கம், ஐபிஎம் பிசியை அச்சாக நகலெடுத்தால் எல்லாமே ஓடும் என்ற நிச்சயம் பிறந்தது. காம்பாக் கம்பெனி 1982 கடைசியில் அந்த வழியில் வந்தது, 1984 முதல் ஃபீனிக்ஸ் கம்பெனி நகல் பயாஸை யாருக்கும் விற்றது, டாஸை யாருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்திருந்தது. நம் ஊர் அலுவலகங்களுக்கு எண்பதுகளின் கடைசியில் பிசி வந்து சேர்ந்தது இந்த நகல் மெஷின்களின் விலையால்தான். டாஸ் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கு என் பதிலின் பெரும்பகுதி இதுதான்.

640 கிலோபைட் எல்லையை டாஸின் தலையில் மட்டும் கட்டுவதும் சரியில்லை. 8088க்கு 20 முகவரிக் கம்பிகள், அதாவது 1 மெகாபைட். அதில் 640க்கு மேலே உள்ளதைத் திரைக்கும், ரோம் என்ற படிக்க மட்டுமான நினைவகத்துக்கும் ஐபிஎம் ஒதுக்கியது. வேறு விதமாக ஒதுக்கிய சிரியஸ் 1ல் டாஸுக்கு 896 கிலோபைட் வரை கிடைத்தது. "640 கிலோபைட் யாருக்கும் போதும்" என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் அதை மறுத்திருக்கிறார், சொன்னதற்கு ஆதாரமும் கிடைத்ததில்லை.

சின்ன மெஷினில் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்கவே முடியாதா என்று கேட்டால், முடியும் என்பதற்கு என் கையில் ஒரு சாட்சி உண்டு. 1984ல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. என் பள்ளிக்கும் வந்தது, நான் தொட்ட முதல் கணினி அதுதான். 6502 பிராசசர், 32 கிலோபைட் நினைவகம், 16 கிலோபைட் ரோமில் இயங்குதளம். அதில் திரைக்கு ஓர் அழைப்பு, விசைப்பலகைக்கு ஓர் அழைப்பு என்று எல்லாவற்றுக்கும் முறையான வாசல் இருந்தது. நேரடியாகத் திரை நினைவகத்தைத் தொடாதீர்கள் என்று ஏக்கார்ன் கம்பெனி கையேட்டிலேயே எச்சரித்தது. காரணமும் இருந்தது. ட்யூப் என்ற இணைப்பில் இரண்டாவது பிராசசரை மாட்டினால் உங்கள் புரோகிராம் அங்கே ஓடும், திரை இங்கே இருக்கும். வாசல் வழியாக வந்த புரோகிராம் அப்படியே ஓடும், சுவரேறிக் குதித்தது நின்றுவிடும். வேகமும் மோசமில்லை. அதன் ஃபிளாப்பி முறைதான் ஏழை: ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகள், பெயருக்கு ஏழு எழுத்து. ஆனால் வாசலை வேகமாகவும் வசதியாகவும் கட்டிக் கொடுத்தால் புரோகிராம் எழுதுகிறவர்கள் சுவரேற மாட்டார்கள் என்பதை அந்தச் சின்னப் பெட்டி எனக்குக் காட்டியது. டாஸ் கட்டிய வாசல் மிகக் குறுகலானது. அதுதான் அதன் உண்மையான தவறு என்று நினைக்கிறேன்.

கொடுத்த வாக்கு எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ஒன்று. சிபி/எம்மில் முகவரி 5ஐ அழைத்தால் இயங்குதளம் பதில் சொல்லும். அந்த இடத்திலுள்ள எண் இன்னொரு வேலையும் செய்தது, நினைவகம் எதுவரை காலி என்பதையும் அதுவே காட்டியது. பேட்டர்சன் இரண்டையும் 8086ல் காப்பாற்ற நினைத்தார். ஒரே எண் இரண்டு வேலைக்கும் பொருந்த வேண்டும் என்பதால், 1 மெகாபைட் எல்லையைத் தாண்டும் ஒரு முகவரி அங்கே வந்து உட்கார்ந்தது. கம்பிகள் இருபதே இருப்பதால் எல்லையைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு நினைவகத்தின் தொடக்கத்துக்கு வந்துவிடும், அங்கே டாஸுக்குப் போகும் தாவல் காத்திருக்கும். 1984ல் ஐபிஎம் ஏடி வந்தது. அதன் 80286க்கு 24 கம்பிகள், முகவரி சுற்றாது. பழைய புரோகிராம்கள் கெட்டுவிடக் கூடாது என்று ஏ20 என்ற 21ஆம் கம்பிக்கு ஐபிஎம் ஒரு கதவு போட்டது. அந்தக் கதவைத் திறக்கும் சாவியை விசைப்பலகைச் சிப்பில் மிச்சமிருந்த ஒரு பின்னில் வைத்தது. எந்தப் புரோகிராமை மனத்தில் வைத்து அதைச் செய்தார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்த ஐந்தாம் முகவரி அழைப்பு இந்தச் சுற்றலை நம்பியிருந்தது என்பது உறுதி. 1991ல் டாஸ் 5 அதே கதவைத் திறந்து, 1 மெகாபைட்டுக்கு மேலே கிடைத்த 64 கிலோபைட்டில் 16 பைட் குறைந்த இடத்துக்குத் தானே குடிபோனது. ஒரு மனிதர் 1974ல் 8080க்கு எடுத்த முடிவு, பல தலைமுறை பிசிகளின் போர்டில் ஒரு கம்பியாக இருந்தது.

மேக்குக்கு வருகிறேன். 1984 ஜனவரி 24 அன்று வந்தபோது 128 கிலோபைட் நினைவகம், அதில் திரைக்கே 22 கிலோபைட் அளவு போய்விடும். சன்னல், மெனு, எழுத்துரு, அச்சடிப்பு எல்லாம் 64 கிலோபைட் ரோமிலும் சிஸ்டம் கோப்பிலும் பொதுவாக இருந்தன. பிரிண்டரை ஒருமுறை அமைத்தால் எல்லாப் புரோகிராமுக்கும் ஆயிற்று. டாஸில் தமிழ் வேண்டுமென்றால் சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டையைச் செருகி டிபேஸிலும் மற்றவற்றிலும் இந்திய எழுத்துகளைக் கொண்டுவந்தோம். மேக்கில் ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டால் பத்திரிகைப் பக்கமே கட்டிவிடலாம். அச்சகத்தில் முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் மேக்கும் ஒரு வாக்கு கொடுத்திருந்தது: மெஷின் முழுக்க உன்னுடையது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று நீயே முடிவு செய். 1987ல் மல்டிஃபைண்டர் பல புரோகிராம்களைச் சேர்த்து ஓட்டியபோதும் ஒன்று விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது நகரும். ஒரு மெனுவை அழுத்திப் பிடித்தால் பின்னால் எல்லாமே நிற்கும். இன்னொன்று, 68000 முகவரிக்கு 24 பிட்களைத்தான் பயன்படுத்தியது என்பதால் மிச்சமிருந்த மேல் எட்டு பிட்களில் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். பிற்பாடு 32 பிட்டும் தேவைப்பட்டபோது ஆப்பிளின் சொந்த ரோம் உட்படப் பலதும் இடறியது. முழுமையான பாதுகாப்பும் பல்பணியும் தருவதாகச் சொன்ன கோப்லண்ட் திட்டத்தை 1996ல் கைவிட்டு, நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கி, 2001ல்தான் ஆப்பிள் கரையேறியது.

அமிகாவைக் கேள்வியில் சேர்த்திருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985லேயே 256 கிலோபைட் மெஷினில் உண்மையான பல்பணி. கார்ல் சாசன்ராத் எழுதிய அதன் மையப் பகுதியைப் படிப்பது இன்றும் சந்தோஷம் தரும். புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது செய்தியை நகலெடுக்காமல், அது இருக்கும் முகவரியை மட்டும் கொடுத்தன. வேகத்தின் ரகசியம் அதுதான். அப்படிக் கொடுக்க வேண்டுமென்றால் எல்லோருடைய நினைவகமும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அதனால் பின்னால் காவல் சுற்று உள்ள பிராசசர் வந்தபோதும் பழைய புரோகிராம்களைக் கெடுக்காமல் பாதுகாப்பைச் சேர்க்க வழியில்லை. டாஸைவிட அது அழகான வடிவமைப்பு, மறுக்க மாட்டேன். நினைவகப் பாதுகாப்பு இல்லை என்று டாஸைத் தள்ளினால் அதையும் தள்ள வேண்டியிருக்கும்.

ஒதுங்கி நிற்பதற்கு டாஸ் கொடுத்த விலையில் மோசமானது வைரஸ். ஏ டிரைவில் ஃபிளாப்பி இருந்தால் மெஷின் அதிலிருந்துதான் கிளம்பும், கிளம்பிய நிரல் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை. 1986ல் லாகூரில் எழுதப்பட்ட பிரெய்ன் ஃபிளாப்பியின் முதல் துண்டில் குடியேறி உலகம் சுற்றியது. பிரெய்ன் என் கைக்கு வந்ததில்லை, ஆனால் அதன் வழியைப் பின்பற்றியவை வாரம் ஒன்று வரும். எழுதவிடாமல் தடுக்கும் ஒட்டு ஒட்டிய சுத்தமான ஃபிளாப்பி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் எந்த அலுவலகத்துக்கும் போவேன்.

மூல நிரல் விஷயத்தில் என் யோசனை: எம்எஸ்-டாஸ் 1.25ஐ எடுங்கள். 2014ல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியமும் மைக்ரோசாஃப்டும் 1.25, 2.0 பதிப்புகளை வெளியிட்டன, 2018ல் மைக்ரோசாஃப்ட் அவற்றைக் கிட்ஹப்பில் எம்ஐடி உரிமத்தில் போட்டது. 1.25 முழுக்க அசெம்பிளி, ஒரு மாணவர் இரண்டு மூன்று வாரத்தில் முழுமையாகப் படித்துவிடக்கூடிய அளவு. அப்புறம் 2.0ஐ எடுத்து, கோப்பைத் திறக்க இரண்டு வழிகள் இருப்பதைப் பாருங்கள். ஒன்று சிபி/எம் பாணி, இன்னொன்று 1983ல் யூனிக்ஸைப் பார்த்துச் சேர்த்தது. சப்-டைரக்டரிகள் வந்ததும் அதில்தான். அதற்கு முன் சப்-டைரக்டரியே இல்லாததால் கான் என்ற பெயர் எங்கே எழுதினாலும் விசைப்பலகையும் திரையும் என்று அர்த்தம். அந்த வழக்கத்தை நம்பிய புரோகிராம்களுக்காக அது டைரக்டரிகளுக்குள்ளும் தொடர்ந்தது. விண்டோஸில் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் பெயராக வைத்து ஒரு கோப்புறையை உருவாக்கிப் பாருங்கள், மறுத்துவிடும்.

படித்து முடித்ததும் ஒரு சின்னப் பயிற்சி. 1.25ஐ எமுலேட்டரில் ஏற்றி, ஒரு வரியைத் திரையில் காட்டும் புரோகிராம் எழுதுங்கள். டாஸை வழக்கமாக அழைக்கும் வழியான இன்டரப்ட் 21ஐ விட்டுவிட்டு முகவரி 5ஐ அழையுங்கள். பிராசசருக்குள் இருக்கும் சிஎல் ரெஜிஸ்டரில் 9, டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் அந்த வரியின் முகவரி, வரியின் முடிவில் ஒரு டாலர் குறி. அந்த டாலர் குறியும் கில்டால் வைத்ததுதான்.